வரிசையில் நின்ற காலத்துக்கு யார் பொறுப்பு? கனடாவின் தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கனடாவின் நாடாளுமன்றத்திலும் மாகாணச் சட்டமன்றங்களிலும் இருக்கும் தமிழ் உறுப்பினர்களுக்கும், அங்கே தமிழ் அமைப்புகளை நடத்துபவர்களுக்கும்,

சென்ற ஆண்டு ஜூன் மாதம், நீர்வேலியில் ஒரு வீட்டுக் கூரையில் நின்று சூரிய மின்தகடு பூட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கனடாவில் குடியேறுவதற்காக அங்குள்ள ஒரு மாகாணத்துக்கு நான் அனுப்பியிருந்த நியமன விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றிருந்தது. ஒட்டாவா, அதாவது கனடாவின் மத்திய அரசாங்கம், மாகாணங்களுக்குக் கொடுக்கும் ஒதுக்கீடு குறைந்துவிட்டதால், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள். என் கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், தந்தும்விட்டார்கள். அந்தக் கோப்பு அவர்களிடம் ஒரு வருடமும் நான்கு நாளும் கிடந்தது.

மாகாணத்தின் பெயரை நான் எழுதவில்லை. 2025 இல் மாகாணங்களின் ஒதுக்கீடு எல்லா இடமும் வெட்டப்பட்டது. என் கதை ஒரு அலுவலகத்தின் பிழையோடு முடிந்துவிடுவதும் அல்ல. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த முடிவை எடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும் அறைகளில் நீங்களும் இருக்கிறீர்கள். அமைச்சரவையிலேயே ஒரு தமிழர் இருக்கிறார். இந்த விடயத்தில் உங்களில் ஒருவராவது வாய் திறப்பீர்கள் என்று ஒரு வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் 1991 இல் பிறந்தவன். வயரிங் வேலை செய்பவன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்து, 2013 இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். போர் முடிந்த பிறகு வடக்கில் கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றுக்கு வயர் இழுத்த கைகள் இவை. ஊரைவிட்டுப் போகும் எண்ணம் 2022 வரை எனக்கு இருக்கவில்லை. அந்த வருடம் மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. சீமெந்து இல்லை, கேபிள் இல்லை, டீசல் இல்லை. கட்டிக்கொண்டிருந்த வீடுகள் அப்படியே நின்றன. மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மூன்று மாதம் எனக்கு ஒரு நாள் வேலையும் கிடைக்கவில்லை. அப்போதுதான் மனைவியும் நானும் முடிவெடுத்தோம்.

முடிவெடுத்தபோது வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முறையாகப் போக வேண்டும். என் சித்தப்பா முறையில்லாமல் போனவர். எத்தனை நாடு, எத்தனை மாதம், எத்தனை கடவுச்சீட்டு என்பதை அவர் இன்றைக்கும் முழுதாகச் சொல்லமாட்டார். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150 க்கும் மேற்பட்ட தமிழரை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றிய கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது. கையில் தொழில் இருக்கிறது, படித்த சான்றிதழ் இருக்கிறது, ஏன் களவாகப் போக வேண்டும் என்று அப்பா கேட்டார். மாகாண நியமனம், எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் பி.என்.பி., அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது.

அந்தத் திட்டம் ஏன் வந்தது என்பதையும் தேடிப் படித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் என்று மூன்று நகரங்களிலேயே இறங்கிவிடுகிறார்கள், மற்ற மாகாணங்களுக்கும் ஆள் வேண்டும் என்பதற்காக வந்தது. 1998 இல் மனிற்றோபா தொடங்கியது. மாகாணம் தன் ஊருக்கு என்ன தொழில் தேவை என்று பார்த்து ஆளை நியமிக்கும், நிரந்தர வதிவிடத்தை ஒட்டாவா கொடுக்கும். நியமனம் கிடைத்தால், புள்ளி போட்டு ஆளைத் தெரிந்தெடுக்கும் ஒட்டாவாவின் எக்ஸ்பிரஸ் என்ரி முறையில் 600 புள்ளி கூடும். என் சொந்தக்காரர் எல்லோரும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். நான் தெரிந்தெடுத்தது எங்கள் ஆட்கள் அதிகம் இல்லாத, குளிர் கூடிய ஒரு மாகாணத்தை. மின்னியலாளர் அவர்களுடைய தேவைப்பட்டியலில் இருந்தார்கள். அங்கே போய் இருப்பது என்ற எண்ணத்தோடுதான் விண்ணப்பித்தேன். இரவில் மகள் நித்திரையான பிறகு கனடாவின் மின் விதிகளைப் படித்தேன். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கே வீட்டின் சாதாரண பிளக்கில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்கள் பழைய வீடுகளின் வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், அங்கே கறுப்பில்தான் மின்சாரம் வரும். பழக்கத்தில் கை போனால் உயிர் போகும் என்பதால், ஒரு பலகையில் அந்த நாட்டு நிறங்களில் வயர் பூட்டிப் பழகினேன். அந்தப் பலகை இப்போதும் விறாந்தையில் சாத்தியபடி இருக்கிறது.

இனி ஆவணங்கள். அங்கே ஒரு படிவத்தில் நான்கு கட்டங்களாக இருப்பது இங்கே எத்தனை மாதம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டை விட்டு ஓடியபோது எனக்கு நான்கு வயது. பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது. பிறகு எடுத்த பிரதியில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. அந்த ஓர் எழுத்துக்காக கிராம அலுவலரான விதானையாரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு நான்கு தரம் நடை, பிறகு எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு.

அதைவிடக் கஷ்டம் வேலைக் கடிதம். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்ன பொறுப்பு, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எல்லாம் நிறுவனத்தின் கடிதத்தாளில் வேண்டும். இங்கே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவனுக்குச் சம்பளம் சனிக்கிழமை பின்னேரம் கையில் வரும். சிட்டை இல்லை. எனக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டாத ஒரு முதலாளி, கடிதத்தில் சம்பளத்தை எழுதினால் நாளைக்குத் தனக்கு வழக்கு வரும் என்று பயந்தார். அவருடைய வீட்டுக்கு ஏழு மாதத்தில் எத்தனை தரம் போனேன் என்று எண்ணவில்லை. கடைசியில் அவருடைய மனைவிதான் பேசி, உள்ளதை உள்ளபடி எழுதித் தரவைத்தார். பொய்க் கடிதம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள், ஐயாயிரம் ரூபாய் கேட்டார்கள். நான் வாங்கவில்லை. ஏழு மாதம் நடந்து உண்மையான கடிதம் எடுத்தேன்.

அடுத்தது காசு. வாழ்க்கையைத் தொடங்கப் போதிய பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 2024 இல் 22,483 கனடிய டொலர், எங்கள் காசில் ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய். கடன் வாங்கிய பணம் செல்லாது. காணியின் பெறுமதியைக் காட்டினாலும் செல்லாது. ஆறு மாதக் கணக்கைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் சொத்து வங்கியில் இருப்பதில்லை, காணியாகவும் நகையாகவும் இருக்கும். சரி, விற்றோம். அப்பாவின் முதுசக் காணி, செம்மண், கிணறு உள்ள தோட்டம். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக்காரருக்கு முதலில் அறிவித்து, அவர்களில் ஒருவர் விலை குறைத்துக் கேட்டு, மனஸ்தாபம் வந்து, ஒருமாதிரி உறுதி முடித்தோம். வாங்கியவர் இப்போது அங்கே மதில் கட்டிவிட்டார். அப்பா அந்த ஒழுங்கையால் போவதில்லை. கோயிலுக்குச் சுற்றிப் போகிறார்.

பணம் வங்கியில் இருக்கிறதுதானே என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது. அடுத்த வருடம் தொகை 23,360 ஆக ஏறியது, அதற்கும் சேர்த்தோம். அந்தப் பணத்தைத் தொட முடியாது, தொட்டால் கணக்குக் குறையும். தோட்டமும் இல்லை, காசும் இல்லை என்ற நிலையில்தான் மூன்றாவது வருடமாக இருக்கிறோம்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வயதில். எக்ஸ்பிரஸ் என்ரியில் மனைவியோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை 100 புள்ளி. அதன் பிறகு 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து ஐந்தாகக் குறையும், 40 இலிருந்து பத்துப் பத்தாக. நான் ஆவணம் சேர்க்கத் தொடங்கியபோது எனக்கு 31, அப்போது 90 புள்ளி. இந்த வருடம் எனக்கு 35, இப்போது 70. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். 2023 மார்ச்சில் நான்கு பகுதியிலும் ஆறுக்கு மேல் எடுத்திருந்தேன். அது என் கோப்பு அவர்களிடம் கிடந்த காலத்திலேயே, 2025 மார்ச்சில், காலாவதியானது. திரும்பவும் பரீட்சை, திரும்பவும் கட்டணம். நான் தாமதித்ததால் இழந்த புள்ளிகளுக்கு நானே பொறுப்பு. அவர்கள் கையில் என் கோப்பு இருந்த காலத்தில் கரைந்த புள்ளிகளுக்கும் நான்தான் பொறுப்பா?

உங்கள் நாட்டின் சட்டத்திலேயே இதற்கு ஒரு நியாயமான வழி இருக்கிறது. பெற்றோரில் தங்கியிருக்கும் பிள்ளையின் வயதை, மாகாணம் நியமன விண்ணப்பத்தைப் பெற்ற நாளில் பூட்டிவிடுகிறீர்கள். அதன் பிறகு கோப்பு எவ்வளவு காலம் கிடந்தாலும் பிள்ளைக்கு 22 வயது ஆகிவிட்டது என்று தள்ளுவதில்லை. அரசாங்கத்தின் தாமதத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது என்று நினைத்தவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதே நியாயம் தாய் தகப்பனுக்கும் பொருந்தும்.

எண்களையும் சொல்கிறேன், ஏனென்றால் இது எண்களில்தான் நடந்தது. 2024 க்கு பி.என்.பி. வழியாக 110,000 பேரை எடுப்பது கனடாவின் இலக்கு. அந்த வருடம் ஜூனில் நான் விண்ணப்பித்தேன். 2024 ஒக்ரோபர் 24 அன்று புதிய திட்டம் வந்தது, 2025 க்கு 55,000. சரிபாதி. மாகாணங்கள் நியமிக்கக்கூடிய எண்ணிக்கையும் அதோடு பாதியானது. கிடைக்கும் இடங்களில் முக்கால் பங்கைக் கனடாவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சஸ்காச்சுவான் வெளிப்படையாகவே அறிவித்தது. பிறகு 2025 நவம்பரில் அடுத்த திட்டம் வந்தது. 2026 க்கு 91,500.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு வருடம் பாதியாக்கி, மறு வருடம் கிட்டத்தட்டப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தீர்கள். ஆள் தேவையில்லை என்று ஆகியிருந்தால் திரும்ப ஏற்றியிருக்கத் தேவையில்லை. என் கோப்பு திரும்பி வந்து ஐந்தாம் மாதம் எண்ணிக்கை ஏறியது. அந்த ஐந்து மாதம் அதை மேசையில் வைத்திருந்தால் போதும். இடைப்பட்ட அந்த ஒரு வருடத்தில் விழுந்தவர்களைப் பற்றிப் புதிய திட்டத்தில் நான் தேடிய இடத்தில் ஒரு வரியும் இல்லை. நாங்கள் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், வயது கூடி, புள்ளி குறைந்து.

கனடாவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கனடாதான் முடிவு செய்யும். அதில் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. அங்கே வீட்டு வாடகை என்ன விலை, வைத்தியரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சித்தப்பா வீட்டாரிடம் கேட்டு எனக்கும் தெரியும். அங்கேயே படித்து, வேலை செய்து, அனுமதி முடியப்போகிறது என்று பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பதையும் நான் பிழை என்று சொல்லமாட்டேன். அவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கதவைச் சிறிதாக்குங்கள், நாளைக்கு வருபவருக்கு வேறு விதி வையுங்கள். ஆனால் நேற்று விதிப்படி வந்து, கட்டணம் கட்டி, நீங்களே பெற்றுக்கொண்டோம் என்று எழுதித் தந்த ஒருவருக்கு இன்றைய விதியைக் காட்டாதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். இது உங்கள் பக்கத்து விடயம்.

கோப்பு திரும்பி வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, ரொறன்ரோவிலிருந்து ஒரு தமிழர் தொலைபேசியில் கூப்பிட்டார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியாது. "தம்பி, முறையாப் போய் என்ன கண்டனீர்? நாப்பத்தஞ்சு இலட்சம் தாரும், ஜொப் ஒஃபர் எடுத்துத் தாறன்" என்றார். என்னிடம் அந்த அளவு காசு வங்கியில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எக்ஸ்பிரஸ் என்ரியில் வேலை அழைப்புக்கு இருந்த மேலதிகப் புள்ளிகள் 2025 மார்ச் 25 உடன் நீக்கப்பட்டுவிட்டன என்று சொன்னேன். மாகாணத்தில் செல்லும் என்றார். சில மாகாணப் பிரிவுகள் இன்னமும் வேலை அழைப்புக் கேட்பது உண்மைதான், அதனால்தான் இந்த வியாபாரம் நிற்கவில்லை. நான் மறுத்தேன். என்னோடு படித்த ஒருவன் மறுக்கவில்லை. அவனுக்கும் கோப்பு திரும்பி வந்ததுதான். தங்கையின் சீதனக் காசைக் கொடுத்துவிட்டு இப்போது அந்த ஆள் தொலைபேசி எடுக்கிறாரில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எங்கள் சந்தியில் இப்போது பேசிக்கொள்வது என்ன தெரியுமா? முறையாகப் போக வெளிக்கிட்டவன் காணியை விற்றுப்போட்டு இங்கேயே நிற்கிறான், ஏஜென்சிக்குக் கொடுத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பதினெட்டு, இருபது வயதுப் பெடியள் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். போன மாதம் என்னோடு வேலை பழகும் ஒரு பெடியன், பரீட்சை எழுதுவது வீண்தானே அண்ணா என்று கேட்டான். நான் என்ன சொல்வது? கடல்வழியையும் களவு வழியையும் அடைக்க வேண்டும் என்று உங்கள் அரசாங்கம் எவ்வளவோ செலவழிக்கிறது. நேர்வழியில் நின்றவனைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அந்த ஆட்களுக்கு இங்கே விளம்பரமாகிறது.

2016 இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபோது நாங்கள் இங்கே சந்தோஷப்பட்டோம். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நீங்கள் தாயகத்தைப் பற்றிப் பேசும் காணொளிகளை அம்மா தவறாமல் பார்க்கிறார். தாயகம் என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் நான் இருக்கிறேன். எனக்கு அங்கே வாக்கு இல்லை என்பதற்காக என் பிரச்சினை உங்கள் பிரச்சினை ஆகாமல் போகக்கூடாது.

நான் கேட்பவை இவை.

ஒதுக்கீடு குறைந்ததைக் காரணம் காட்டி 2025 இல் பரிசீலிக்காமல் திருப்பிய விண்ணப்பங்களை, 2026 இன் கூடிய எண்ணிக்கையில் முதலில் எடுத்துப் பார்க்கும்படி ஒட்டாவாவிடமும் மாகாணங்களிடமும் கேளுங்கள். அவர்களிடம் எங்கள் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. புதிதாக ஒன்றும் தேட வேண்டியதில்லை. இனிமேல் விதி மாறினாலும், ஏற்கெனவே பெற்றுக்கொண்ட விண்ணப்பங்கள் பெற்ற நாளின் விதிப்படியே முடிக்கப்பட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கித் தாருங்கள்.

பிள்ளைக்குச் செய்வதுபோல விண்ணப்பதாரரின் வயதையும் மாகாணம் விண்ணப்பத்தைப் பெற்ற நாளில் பூட்டச் சொல்லுங்கள். அந்த நாளில் செல்லுபடியான மொழிப் பரீட்சைப் பெறுபேற்றைக் கோப்பு முடியும் வரை ஏற்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் நாட்டுக்கு வருபவர்களின் எண்ணிக்கையில் ஒருவரும் கூடப்போவதில்லை. ஒரு கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்தவன் கேட்கிறேன்.

தமிழ் அமைப்புகளிடம் கேட்பது: வேலை அழைப்பு விற்பவர்கள் உங்கள் நடுவில்தான் இருக்கிறார்கள், உங்கள் விழா மலர்களில் விளம்பரம் போடுபவர்கள் யார் என்று ஒருமுறை பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும் என்பது உங்கள் நாட்டுச் சட்டம். உரிமம் உள்ளவர்களின் பெயர்ப் பதிவேடு பொதுவில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் இல்லாதவரிடம் இனி விளம்பரமும் நன்கொடையும் வாங்காதீர்கள். அந்தப் பதிவேட்டை எப்படிப் பார்ப்பது, எந்தப் பிரிவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். இரண்டு பேர் ஒரு நாள் இருந்தால் செய்துவிடலாம். இங்கே அது எத்தனையோ பேருடைய காணி உறுதியைக் காப்பாற்றும்.

கடைசியாக, இந்த மடலுக்கு ஜூன் முடிவதற்குள் பொதுவெளியில் ஒரு பதில் தாருங்கள். இதை நாடாளுமன்றத்தில் கேட்பீர்களா, மாட்டீர்களா என்று சொன்னால் போதும். மாட்டீர்கள் என்றால் ஏன் என்றும் எழுதுங்கள். பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். வீட்டில் அப்பாவும் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மின்னியலாளர்